கறுப்பு ஜன்னலில் ஹவில்தார்

1. ஒரே பதில்

“ஏம்மா, இந்தப் பொட்டிக்கு வேற பதிலே தெரியாதா?” என்று மில் முதலாளி என்னைக் கேட்டார்.

எனக்கும் அதே சந்தேகம்தான். விண்டோஸ் 95 ஊருக்குள் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ராஜபாளையத்தில் அவருடைய நூல் மில்லில்தான் எங்கள் கம்பெனியின் முதல் விண்டோஸ் புரோகிராமைப் போட்டிருந்தோம். பார்க்க அழகாக இருக்கும். சாம்பல் நிறப் பட்டன்கள், கலர் கலராக வரைபடம். என்ன கொடுத்தாலும் பதில் மட்டும் மாறாது.

நூல் மில்லில் மிக்சிங் என்று ஒரு வேலை உண்டு. வெவ்வேறு ஊரில் வாங்கிய பஞ்சுப் பொதிகள், பேல்கள் என்பார்கள், தனித்தனி லாட்டாக அடுக்கியிருக்கும். ஒரு லாட்டில் இழை நீளமாக இருக்கும், விலையும் கூட. இன்னொன்று மலிவு, ஆனால் தூசி. எந்த லாட்டில் எத்தனை பேல் எடுத்துக் கலந்தால் நூல் அறுபடாமல் ஓடும், விலையும் கட்டுப்படியாகும் என்று தினமும் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைத்தான் எங்கள் புரோகிராம் போட்டது. எல்லா நாளும், இருப்பதிலேயே உசத்தியான லாட்டை மட்டும் எடுத்துப் போடச் சொன்னது.

“அம்புட்டும் உசத்திப் பஞ்சாப் போடுறதுக்கு எனக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? நானே சொல்லிருவேனே” என்றார் முதலாளி. பிறகு எங்கள் பாஸ் பிரகாசம் சாரைப் பார்த்து, “நாளைக் காலையில வந்து பாப்பேன். சரியா ஓடுனா இருக்கட்டும். இல்லைன்னா வண்டி வச்சு ஏத்திட்டுப் போயிருங்க.”

பிரகாசம் சார் காலேஜ் வாத்தியார் வேலையை விட்டுவிட்டுக் கம்பெனி ஆரம்பித்தவர். தென்காசி ரோட்டில் ஒரு பெயிண்ட் கடை மாடியில் ஆபீஸ். ஆட்கள் மொத்தம் மூன்று: அவர், புரோகிராம் எழுத நான், மற்ற எல்லாவற்றுக்கும் செட்டியார்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் கோமதி. இந்த மில் சரிவந்தால்தான் மற்ற மில்காரர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் பிரகாசம் சார் மறுபடி சாக்பீஸைத் தேட வேண்டும். நானும் கோமதியும் ஜாப் டைப்பிங்குக்குப் போக வேண்டும்.

2. வாயாடி

அந்தப் புரோகிராமில் முகம்தான் என்னுடையது. உள்ளே கணக்குப் போடும் பகுதியை எழுதியவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய சேவியர். பட்டாளத்தில் வயர்லெஸ்ஸில் பேசும் சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து திரும்பியவர். அதை முதலில் டாஸுக்காக எழுதி, பல வருஷம் ஓட்டிப் பார்த்திருந்தார். எங்களுக்காக விண்டோஸில் கம்பைல் செய்து, லைப்ரரி பைலாக பிளாப்பியில் கொடுத்தார். மூல வரிகளான சோர்ஸ் கோடைத் தரமாட்டார். அவருக்கு இருந்த சொத்தே அதுதான்.

ஆபீசுக்கு வந்ததும் அவருக்கு போன் போட்டேன்.

“தங்கச்சி, இன்னைக்கு ஆடிப்பூரத் தேரு. கூட்டத்தை ஒழுங்கு பண்ண வாலண்டியராப் போறேன். செருப்பு மாட்டிட்டு நிக்கேன், சீக்கிரம் சொல்லுங்க.”

“சார், உங்க புரோகிராம் எப்பவும் ஒரே பதிலத்தான் தருது.”

“அது என்ன சொல்லுதுன்னு படிச்சுப் பாத்தீங்களா?”

“ஒண்ணுமே சொல்லலையே சார்.”

“சொல்லாம இருக்காது தங்கச்சி! ஒவ்வொரு அடிக்கும் சொல்லுமே! வாயாடி புரோகிராம் அது. நல்லாப் பாருங்க. நேரமாச்சு, வச்சிருதேன்.”

வைத்துவிட்டார். இனி தேர் நிலைக்கு வந்தால்தான் அவர் கிடைப்பார்.

நான் போனைப் பிடித்தபடியே நின்றேன். சொல்லுமா? எங்கே சொல்லும்? டாஸில் printf என்று எழுதினால் எழுத்து நேராகத் திரையில் விழும். விண்டோஸ் புரோகிராமில் அப்படி விழ ஓர் இடம் கிடையாது. ஜன்னல் இருக்கும், பட்டன் இருக்கும், standard output, சுருக்கமாக stdout, என்ற வாசல் மட்டும் எங்கேயும் திறக்காது. printf செய்தது காற்றோடு போய்விடும். எரர்கூட வராது.

“ஏட்டி கோமதி! அந்த மனுசன் இத்தனை நாளும் பேசிக்கிட்டேதான் இருந்திருக்காரு. நமக்குத்தான் கேக்கலை!”

“அவிய பேசுனா ரயில்வே ஸ்டேசன் வரைக்கும் கேக்குமே அக்கா” என்றாள் கோமதி.

3. முதலில் இருட்டு

கம்பைலரோடு வந்த ஹெல்ப் சிடியில் தேடினேன். AllocConsole என்று ஒரு வரி இருந்தது. விண்டோஸ் புரோகிராமுக்குக்கூட டாஸ் மாதிரி ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து கொடுக்குமாம். உடனே அந்த வரியைச் சேர்த்து, மில் லாட் விவரத்தை வைத்து ஓட்டினேன். எங்கள் சாம்பல் ஜன்னலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு ஜன்னல் பட்டென்று திறந்தது. நானும் கோமதியும் கை தட்டினோம்.

பிரகாசம் சார் எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, வெறும் இருட்டா இருக்கு? இதுக்கா கை தட்டுறீங்க?”

உண்மைதான். ஓர் எழுத்துகூட வரவில்லை. ஜன்னல் திறந்துவிட்டது, ஆனால் printf-க்கு அது தெரியாது. அது பழைய இல்லாத வாசலுக்கே எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்பு ஜன்னலின் பிடியை, அதாவது ஹேண்டிலை, விண்டோஸிடம் கேட்டு வாங்கி, stdout-ஐ அதோடு நாமே கோத்துவிட வேண்டும். எழுத்தைச் சேர்த்து வைக்காமல் உடனுக்குடன் போடு என்று பஃபரையும் எடுத்துவிட வேண்டும். இரண்டு முறை தப்பாகக் கோத்து புரோகிராம் விழுந்தது. மூன்றாவது முறை, கறுப்பில் வெள்ளையாக ஒரு வரி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

“வணக்கம். சேவியர் பேசுகிறேன். ஓவர்.”

கோமதி வீல் என்று கத்தினாள். கீழே பெயிண்ட் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார்.

வரிகள் சரசரவென்று இறங்கின. சிக்னல்ஸ்காரர் அல்லவா, ஒவ்வொரு வரிக்கும் ஓவர்.

“லாட் ஒன்று. பார்த்தாச்சு. ஓவர்.”

“லாட் நாலு. தங்கமான பஞ்சு. ஓவர்.”

“லாட் பத்து. யாருய்யா இதை வாங்கினது? ஓவர்.”

அதற்குப் பிறகு வந்ததுதான் விஷயம்.

“இன்றைக்குப் பஞ்சில் ஈரப்பதம் எவ்வளவு? பதில் சொல்லவும். ஓவர்.”

“பதில் சரியில்லை. மறுபடியும் கேட்கிறேன். ஓவர்.”

“பதில் சரியில்லை. கடைசியாகக் கேட்கிறேன். ஓவர்.”

“சரி. ஈரமே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஓவர்.”

நான் நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம் அந்தப் புரோகிராம், தினமும் காலையில் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டிருக்கிறது. கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. பஞ்சு ஈரமே இல்லாமல் காய்ந்து கிடந்தால் நூல் சும்மா சும்மா அறும். ஆகவே நீள இழை உள்ள உசத்தி லாட் மட்டும்தான் தாங்கும் என்று முடிவு கட்டியிருக்கிறது. கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

கேள்வி தெரிந்துவிட்டது. பதில் சொல்ல வழி வேண்டும். stdout-க்குச் செய்ததையே, பதில் உள்ளே போகும் வாசலான stdin-க்கும் செய்தேன். அடுத்த முறை கேள்வி வந்ததும் கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. கோமதி எட்டு என்று தட்டினாள்.

“அப்பாடா. நன்றி. ஓவர்” என்றது புரோகிராம். விதவிதமான லாட்டுகள் கலந்த ஒரு பதில் சாம்பல் ஜன்னலில் வந்து நின்றது. பிரகாசம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பெயிண்ட் கடைக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

4. லாட் பத்து

டீ உள்ளே போன பிறகுதான் பிரகாசம் சாருக்கு உறைத்தது. “ஏம்மா, அந்த லாட் பத்து… முதலாளியே நேர்ல போய் வாங்குனதுல்லா?”

ஆமாம். மேனேஜர் வேண்டாம் என்று சொல்லியும் அவரே போய் வாங்கிய பஞ்சு. மட்டமான லாட் எது வந்தாலும் அப்படிக் கேட்கும்படி சேவியர் எழுதியிருக்கிறார். அந்த வரியை எடுக்கலாம் என்றால் சோர்ஸ் சேவியரிடம். சேவியரோ தேருக்கு முன்னால் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார். ஜன்னலை மறைத்தால் பதில் தட்ட முடியாது. பதிலை ஒரு பைலில் எழுதி அதையே stdin-ஆகக் கொடுத்திருக்கலாம். அன்றைக்கு அது என் புத்தியில் தோன்றவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் அது தோன்றாததில் எனக்கு மகா சந்தோஷம்.

மறுநாள் காலை மில்லில் முதலாளி வந்து உட்கார்ந்தார். பின்னால் மேனேஜரும் மிக்சிங் ஆட்களும் நின்றார்கள். புரோகிராமைத் திறந்தேன். இரண்டு ஜன்னலும் வந்தன. “இதென்ன மறைச்சுக்கிட்டு” என்று முதலாளி கறுப்பு ஜன்னலின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார்.

மொத்தமும் மறைந்தது. கறுப்பும் போச்சு, சாம்பலும் போச்சு. அந்த ஜன்னலை மூடினால் புரோகிராமையே முடிக்கச் சொல்கிறார்கள் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். அது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

“ஐயா, அத மட்டும் மூடாதீங்க. அது போனா எல்லாம் போயிரும்” என்று சொல்லி மறுபடி திறந்தேன்.

முதலாளி வரி வரியாகச் சத்தமாகவே படித்தார். வணக்கம், ஓவர். லாட் ஒன்று, ஓவர். மிக்சிங் ஆட்கள் நெருங்கி வந்தார்கள். லாட் பத்து வந்தது. அதையும் சத்தமாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் குரல் நின்றுவிட்டது. மேனேஜர் கூரையில் சுற்றிய ஃபேனைக் கவனமாகப் பார்த்தார். நான் மனதுக்குள் டைப்பிங் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தேன்.

முதலாளி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒற்றை விரலால் தேடித் தேடி NAANTHAN என்று தட்டி, எண்டரைக் குத்தினார்.

புரோகிராம் அந்த நேரம் ஈரப்பதத்துக்காகக் காத்திருந்தது. எண் கேட்டு நிற்கும் scanf-க்கு எழுத்தைக் கொடுத்தால் அது விழுங்கவும் செய்யாது, துப்பவும் செய்யாது. “பதில் சரியில்லை. பதில் சரியில்லை” என்று கடகடவென்று வரிகள் ஓடின.

“ஏம்மா!” என்று முதலாளி என் பக்கம் திரும்பினார். “உண்மையச் சொன்னா சரியில்லைங்குது!”

முதலில் சிரித்தது மேனேஜர். அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்தார். பிறகு மிக்சிங் ஆட்கள், கோமதி, பிரகாசம் சார், கடைசியில் முதலாளி வயிறு குலுங்கக் குலுங்க. சத்தம் கேட்டு ஸ்பின்னிங் பக்கத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுபடி ஓட்டி, ஈரப்பதத்தைச் சரியாகக் கொடுத்தோம். லாட் பத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தீர்க்கும்படி பதில் வந்தது.

“வாங்குனவனத் திட்டவும் செய்யுது, வழியும் சொல்லுது. இருக்கட்டும்” என்றார் முதலாளி. “இத எழுதுனவரை நான் பாக்கணுமே.”

5. ஹவில்தார் வந்தார்

இரண்டு நாள் கழித்து சேவியரை மில்லுக்குக் கூட்டிப் போனோம். மடிப்புக் கலையாத சட்டை, நிமிர்ந்த நடை. ஆனால் தேரன்று கத்திய கத்தலில் தொண்டை சுத்தமாகக் கட்டிப்போயிருந்தது. முதலாளி என்ன கேட்டாலும் காற்றுதான் வந்தது. திரையில் வணக்கம் என்று வந்தபோது அதைக் காட்டித் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். லாட் பத்து வரி வந்ததும் விஷயம் தெரியாமல் பெருமையாகச் சுற்றிலும் பார்த்தார். யாரும் அவருக்கு விளக்கவில்லை. முதலாளி எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்குப் பிறகு பல மில்களுக்கு எழுதினோம். எங்கள் விண்டோஸ் புரோகிராம் எல்லாவற்றிலும் முதல் வேலையாகக் கறுப்பு ஜன்னலைத் திறந்து, stdout-ஐயும் stdin-ஐயும் கோத்துவிட்டுத்தான் மற்ற வரிகளை எழுதினேன். எல்லாம் சரியான பிறகு அந்த ஜன்னலைத் திறக்கும் வரியை எடுத்துவிடலாம்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். புரோகிராம் தப்பான பதில் தந்தால் உடனே கணக்கைப் பிரிக்காதீர்கள். அது பேச ஓர் இடம் கொடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். அது உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கலாம்.