ஜெட்டியில் எடுத்த ஆஜர்

உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் திறமை எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் எழுந்து ஜன்னல்வரை போய் வந்தாயிற்று. வெளியே பார்க்க ஒன்றுமில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். இப்பேர்ப்பட்டவன் வாழ்க்கையில் முதன்முதலாக ஆசைப்பட்டு வாங்கிய உத்தியோகம், ஓரிடத்தில் நகராமல் இருப்பது.

அந்தமானில், போர்ட் பிளேருக்குக் கல்லூரி வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் என்று படகேறி வருகிற பையன்களுக்காக டெய்ரி ஃபார்ம் பக்கம் ஒரு பழைய மரக் கட்டடத்தை ஹாஸ்டல் என்று அறிவித்திருந்தார்கள். மழைக்காலத்தில் தகரக் கூரையின் கீழ் யார் என்ன மொழியில் திட்டினாலும் காதில் விழாது. வங்காளி, தெலுங்கன், மலையாளி, தமிழன், நிக்கோபாரி எல்லாரும் ஒரே கூடத்தில் ஒற்றுமையாக வசித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாணவர்களிலேயே ஒருவனைப் பிரிஃபெக்டாகப் போடுவார்கள். மணி அடிப்பது, சாயங்காலம் பேர் கூப்பிட்டு ஆஜர் எடுப்பது, குழம்பில் கடுகெண்ணெயா தேங்காயெண்ணெயா என்ற வழக்கைத் தீர்ப்பது அவன் வேலை. பதிலுக்கு இருப்பிடமும் சாப்பாடும் இலவசம், கதவு வைத்த தனி அறை வேறு. எனக்குக் கதவைவிடச் சாப்பாடு முக்கியம். அப்பா ரங்கத்தில் மர டிப்போ மேஸ்திரி. அந்த வருஷம் என்னைப் படகேற்றும்போதே சொல்லிவிட்டார்: "ஹாஸ்டல்ல சும்மா சோறு போட்டா படி. இல்லைன்னா அடுத்த படகுல வந்துடு. கட்டைக்கு நம்பர் அடிக்க ஆள் தேவைப்படுது."

நாள் முழுக்கச் சேற்றில் நின்று கட்டைக்கு நம்பர் அடிப்பதை யோசித்தாலே எனக்குக் கால் அரிக்கும்.

வேலைக்கு இரண்டு பேர் நின்றோம். மற்றவன் டிக்லிபூர் வங்காளி. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து குடியேற்றப்பட்ட குடும்பம். புத்தகத்தோடு கட்டிலில் சாய்ந்தால் சாப்பாட்டு மணிக்குத்தான் அசைவான். தீவு இந்தியோடு எங்களிடம் பொறுக்கிய தமிழையும் கலந்து பேசுவான்.

வார்டன் நாகர்கோவில்காரர், கெமிஸ்ட்ரி விரிவுரையாளர். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு என்னிடம், "நீ நல்லா ஓடியாடுவே. கப்பல் வாற வரைக்கும் உன்னப் பாக்கேன். பொறவு சொல்லுதேன்" என்றார்.

எங்கள் ஊரில் தவணை என்பதே அப்படித்தான். கல்யாணம், கடன், காய்ச்சல் எல்லாம் கப்பல் வரும்வரை. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்து ஊதினால் ஊர் மொத்தமும் கப்பல்துறைக்கு, எங்கள் பேச்சில் ஜெட்டிக்கு, போய்விடும். யாரையும் எதிர்பார்க்காதவர்களும் போவார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க. வகுப்பு தானே கலையும். ஹாஸ்டலில் அன்றைக்கு ஒரே விதி: பிரிஃபெக்ட் மட்டும் கட்டடத்தை விட்டு நகரக் கூடாது.

கடல் கொந்தளிப்பில் கப்பல் தாமதமாயிற்று. நாளை என்றார்கள், மறுநாளும் நாளை என்றார்கள். தற்காலிகப் பிரிஃபெக்டான நான் பொறுப்பைக் கண்டபடி காட்டினேன். மணியை முன்னதாக அடித்தேன், சும்மா இருந்த சண்டைகளைத் தேடிப்போய்த் தீர்த்துவைத்தேன். கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டேயிருந்தேன். "பைட் ஜா, யார்" என்று இந்தியில் உட்காரச் சொன்னான் வங்காளி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ நடந்தா ஜஹாஸ் சீக்கிரம் வருமா?"

கடைசியில் ஒரு பிற்பகல் கப்பல் ஊதியது. ஒரு கால் செருப்போடு ஓடியவனும் உண்டு. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுச் சமையல்காரரும் ஓடினார். நான் வாசல்படியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு அந்தச் சட்ட நுணுக்கம் புலப்பட்டது. சாயங்காலம் ஆஜர் எடுக்க வேண்டியது என் கடமை. ஆஜர் ஆட்களுக்கா, கட்டடத்துக்கா? ஆட்கள் அத்தனை பேரும் ஜெட்டியில்.

"நான் ஆஜர் எடுக்கப் போறேன். நீயும் வா, உன் பேரையும் முடிச்சுடலாம்" என்றேன் வங்காளியிடம்.

"எனக்கு ஜஹாஸ்ல யாரு வருவா? நாங்க விட்டுட்டு வந்த ஊர்லேருந்து ஜஹாஸ் கிடையாது. நீ ஜா."

ஜெட்டியில் என் நிர்வாகத் திறமையை நானே வியந்தேன். சிமெண்ட் மூட்டை அடுக்கின் பின்னால் நின்று பேர் பேராகக் கூப்பிட்டேன். கயிறு கட்டும் தூண்மேலிருந்து ஒருவன், பெட்டி சுமந்தபடி ஒருவன், எல்லாரும் "ஹாஜிர்" என்றார்கள். "இன்னிக்கு ஜெட்டி, நாளைக்குக் கப்பலுக்குள்ளயே எடுப்பான்" என்றான் ஒரு தெலுங்கன். ஹாஸ்டலில் ஒருநாளும் இவ்வளவு பேர் ஆஜரானதில்லை. கறுப்புக் குடையோடு ஒரு வழுக்கைத்தலைக்காரர் இறங்கி வந்ததையும் பார்த்தேன். யாரோ காண்டிராக்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எங்கள் புதிய பிரின்சிபால். வார்டன் அவரை ஜீப்பில் ஏற்றி, "பையன்கள் எல்லாம் கப்பல் பார்க்கப் போயிருப்பார்கள், ஆனால் பிரிஃபெக்ட் இருப்பான்" என்று உறுதி சொல்லி, நேரே ஹாஸ்டலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே இருந்தவன் சமையலறையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்த வங்காளி. நீதான் பிரிஃபெக்டா என்று கேட்டதற்கு, இல்லை, பிரிஃபெக்ட் ஆஜர் எடுக்கப் போயிருக்கிறான் என்றானாம். எங்கே என்று கேட்டபோதும் உண்மையையே சொல்லித் தொலைத்திருக்கிறான்.

நான் திரும்பும்போது வார்டன் படியில் நின்றிருந்தார்.

"எங்கடே போன?"

"ஆஜர் எடுத்தேன் சார். எல்லாரும் இருந்தாங்க."

"எல்லாருமா?"

"ஒருத்தனைத் தவிர."

"அந்த ஒருத்தன்தான் இனிமே பிரிஃபெக்ட். உள்ள போ."

உள்ளே போய் டிரங்குப் பெட்டியைக் கட்டிலின் கீழிருந்து இழுத்தேன். ரங்கத் படகு இரண்டொரு நாளில் இருந்தது. பெட்டியில் வைக்க அதிகம் இல்லாததால், ஒரே சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

வங்காளி வந்து எதிரே நின்றான். "கஹாங் ஜாத்தா? எங்க போற?"

"கட்டைக்கு நம்பர் அடிக்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். "பிரிஃபெக்டுக்கு ஒரு மெஸ் அசிஸ்டெண்ட் வெச்சுக்கலாம்னு வார்டன் சாப் சொன்னாரு. பஜார் போகணும், ஜெட்டி போகணும், மூட்டை எண்ணி வாங்கணும். சாப்பாடு ஃப்ரீ. ரூம் கிடையாது."

"என்னை எதுக்கு? உன் வேலையைப் பறிக்கப் பார்த்தவன் நான்."

"எனக்கு எங்கியும் போக வேணாம். உன்னால எங்கியும் இருக்க முடியல. வேற யாரைத் தேடுறது?"

வார்டன் ஒரு முறை முறைத்துவிட்டுச் சம்மதித்தார். அதற்குப் பிறகு படிப்பு முடியும்வரை ஒவ்வொரு கப்பலுக்கும் நான்தான் ஜெட்டிக்குப் போனேன், இந்த முறை அதிகாரபூர்வமாக. அவனையும் வரச்சொல்லிப் பலமுறை இழுத்தேன், வரவில்லை. மாட்டுவண்டியில் மூட்டைகளோடு திரும்பும்போது வாசற்படியில் உட்கார்ந்திருப்பான். யார் யார் இறங்கினார்கள் என்று கேட்பான். புதுப்பெண், போலீஸ்காரர், அழுத குழந்தை, கூண்டில் வந்த கோழிகள் என்று நின்றபடியே, சில சமயம் நடந்தபடியே, சொல்லுவேன். ஒருவரையும் விடாமல் கேட்டுக்கொள்வான். முடிந்ததும் எழுந்து, "உருளைக்கிழங்கு அழுகலா, நல்லதா?" என்று மூட்டையைப் பிரிப்பான்.