உப்பு பாக்க ஆளில்லாத நாள்

ஆவடி பட்டாளத்துக் கேம்பு கேட்டுக்கு எதிர்ல நானும் பாயும் கபாப் வண்டி போட்டிருந்தோம். அந்த வண்டியைச் சுத்தி நின்ன கூட்டத்தை நெனைச்சா எனக்கு இன்னமும் மலைப்பாத்தான் கீது. சாயங்காலம் அடுப்புல கரி செவந்ததும் வெள்ளைக்காரச் சிப்பாயிங்க ஒருத்தன் பின்னால ஒருத்தன் வரிசை கட்டிடுவானுங்க. இடிக்கமாட்டானுங்க, கத்தமாட்டானுங்க. தாலுக்கா ஆபீஸ் சேவகனைக் கண்டாலே தோள்ல கீற துண்டை இடுப்புக்கு எறக்கற ஆளுங்க நாங்க. எங்க கையைப் பாத்துகினு தொரைமாருங்க நிக்கிறானுங்களே, இது நெசந்தானான்னு என் தொடையை நானே கிள்ளிப் பாத்துக்குவேன்.

எங்களுக்கு ஆவடியில ஏரிக்குக் கீழ நெலம் இருந்திச்சி. உலகச் சண்டை வந்ததும் கேம்பு போடணும்னு சர்க்கார் எடுத்துக்கிச்சி. கேட்டா எடுத்தாங்க? முள்ளுக்கம்பி போட்டப்புறம்தான் எங்களுக்கே தெரியும். எனக்கு மூக்கு மேல கோவம். கம்பிக்கு இந்தாண்ட நின்னுகினு அவனுங்க ஒருத்தனுக்கும் புரியாத நம்ம பாஷையில நல்லா திட்டிட்டு வந்தேன். அதுக்கப்புறம் எனக்கு மிச்சம் இருந்தது ஒரு மாட்டு வண்டி மட்டுந்தான்.

பாய் பூந்தமல்லிக்காரரு. தலையில தட்டு வச்சிகினு சந்தை சந்தையா கபாப் வித்துகினு இருந்தவரு. கொத்துக்கறியைப் பெசைஞ்சி, இரும்புக் கம்பியில நீட்டமா புடிச்சி, கரியில வாட்டுவாரு. என் மாட்டு வண்டியில அவரை எத்தினியோ வாட்டி ஏத்திகினு போயிகீறேன். அப்படிப் போறப்பதான் ஒரு நாள், "அண்ணாத்தே, உன் நெலத்துல பசியோட ஒரு ஊரே வந்து குந்திகினு கீதே, பாத்தியா?"ன்னாரு. எனக்குப் பொறி தட்டிச்சி. மாட்டு வண்டிப் பலகையைப் பிரிச்சித் தள்ளுவண்டி பண்ணோம். பன்னு ரொட்டியை நடுவுல கீறி, கபாபை உள்ள வச்சி, வெங்காயமும் பச்சை சட்னியும் போட்டுக் குடுத்தோம். நடந்துகினே துன்னலாம், கையில எண்ணெய் ஒட்டாது. அவ்ளோதான், பிச்சிக்கிச்சி.

அமெரிக்காக்கார சிப்பாய் ஒருத்தன் மொத கடி கடிச்சிட்டு, "ஹாட் டாக்! ஹாட் டாக்!"னு குதிச்சான். ஸ்டேஷன்ல வேலை பாக்கறவரு, "சூடான நாய்னு சொல்றான்பா"ன்னு எங்களுக்கு விளக்கினாரு. பாய் மூஞ்சி செத்துப்போச்சி. "ஹலாலா அறுத்த ஆட்டுக்கறியைப் பாத்து நாய்ன்றானே, வாய் வெந்துபூடும்!"னு கரண்டியைத் தூக்கிட்டாரு. அவங்க ஊர்ல ரொட்டிக்குள்ள கறி வச்சித் துன்னறதுக்கு அதுதான் பேருன்னு கேம்பு பட்லர் வந்து சமாதானம் பண்ணாரு. அந்தச் சிப்பாயிதான் அப்புறம் எங்களுக்கு ரொம்ப வேண்டியவனா ஆனான். வரிசையில மொத ஆளு எப்பவும் அவன்தான்.

பாய் கறி பெசையறதைப் பாக்கணுமே! பேச்சு கெடையாது, சிரிப்பு கெடையாது. உள்ளங்கையால அழுத்தி அழுத்தி, கறி கையில ஒட்டற வரைக்கும் விடமாட்டாரு. உப்பு கடைசியிலதான் போடுவாரு. போட்டப்புறம் ஒரு துண்டு வாட்டி வாயில போட்டுப் பாத்துட்டுத்தான் மிச்சத்தைக் கம்பியில ஏத்துவாரு. உப்பு பாக்காத கபாபை அவரு வித்ததே இல்ல.

ரம்ஜான் வந்திச்சி. பாய் பச்சைத் தண்ணி பல்லுல படாம நோன்பு இருந்தாரு. நெருப்பு முன்னால, அந்த வெயில்ல! எனக்குப் பாக்கவே தொண்டை காயும். அந்த மாசம் உப்பு பாக்கற வேலை எனக்கு. மொத துண்டை என்கிட்ட நீட்டுவாரு, நான் துன்னுட்டுத் தலையாட்டுவேன். சொகமான வேலைதான், ஏன் சொல்லணும்!

ரம்ஜான் பாதியில புரட்டாசி பொறந்திடிச்சி. எங்க ஊட்ல புரட்டாசின்னா மாசம் பூரா கவுச்சி கெடையாது. பெருமாள் மாசம். கபாப் வித்துட்டுப் போனாக்கூட கெணத்தடியில தலை முழுகிட்டுத்தான் வாசப்படி மிதிக்கணும், இல்லாட்டி என் பொண்டாட்டி துடைப்பத்தோட நிப்பா. புரட்டாசி மொத நாளு பாய் துண்டை நீட்டினாரு, நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ரெண்டு பேரும் திருதிருன்னு முழிச்சோம். இத்தினி நாளா ஒண்ணா வேலை பண்றோம், ரெண்டு மாசமும் ஒண்ணா வந்து முட்டும்னு எங்க மண்டையில ஏறவே இல்ல. நல்லவேளை, அந்த ஹாட் டாக் சிப்பாய் வந்தான். அவனைத் துன்னவச்சிப் பாத்தோம். அதுலருந்து அவன்தான் எங்களுக்கு நாக்கு.

அந்த சமயத்துலதான் இடி மாதிரி சேதி வந்திச்சி. கேட்டாண்ட இனிமே ஒரே ஒரு வண்டிக்குத்தான் அனுமதியாம். எங்களோட ஒரு போண்டா வண்டியும் ஒரு மீன் வறுவல் வண்டியும் நின்னுகினு இருந்திச்சி. கேம்புப் பெரிய தொரை சனிக்கிழமை மத்தியானம் அவரே வந்து மூணையும் துன்னு பாத்து, எது நிக்கணும்னு சொல்லுவாராம். பட்லர் வந்து சொல்லிட்டுப் போனாரு. நெலம் போச்சி, மாடும் வித்தாச்சி. வண்டியும் போச்சின்னா நான் எங்க போவேன்? பாய் திரும்பவும் தட்டைத் தலையில ஏத்தணும். அந்த வயசுல.

சனிக்கிழமை. அதுவும் புரட்டாசி சனிக்கிழமை. பாய் மத்தியான லுஹர் தொழுகை முடிச்சிட்டு வந்து கறி பெசைய உக்காந்தாரு. அன்னிக்கின்னு பாத்து, தொரை எந்நேரம் வருவாரு, கரி ஈரமா கீதே, பன்னு போதுமான்னு நான் வேற நைநைன்னு நச்சரிச்சிகினு இருந்தேன். பெசைஞ்சி முடிச்சாரு. கையைக் கழுவினாரு. அப்படியே நின்னுட்டாரு.

"அண்ணாத்தே, நான் உப்பு போட்டேனா?"

"இன்னா பாய் சொல்ற?"

"நெனைப்பு வரல. போட்ட மாதிரியும் கீது, போடாத மாதிரியும் கீது."

சிப்பாயைத் தேடி கேட்டுக்கு ஓடினேன். தொரை வந்துட்டுப் போற வரைக்கும் ஒருத்தனும் வெளிய வரக்கூடாதுன்னு சாத்தி வச்சிருந்தானுங்க. சரி, ரோட்ல போறவனைப் புடிக்கலாம்னு பாத்தா, எல்லாவனும் நெத்தியில நாமத்தோட வரான். நாமம் இல்லாதவன் நோன்பு புடிச்சித் தொப்பியோட வரான். போண்டாக்காரர், மீன்காரர் கிட்ட கேக்க முடியுமா, அவங்க போட்டிக்காரங்க. ஒரு தெரு நாய் மட்டும் வண்டியாண்ட வாலாட்டிகினு நின்னுது. அது கிட்ட போயி உப்பு சரியா கீதான்னு கேக்கறதா?

நான் திரும்பி வந்தப்ப பாய் ஒரு துண்டை வாட்டித் தட்டுல வச்சிருந்தாரு. தூரத்துல தொரை போண்டா வண்டியாண்ட வந்துட்டாரு. எனக்கு எங்கருந்து அந்த வீம்பு வந்துதோ தெரியல. ஏழுமலையானே, மன்னிச்சிடுன்னு மனசுல சொல்லிகினு துண்டைக் கையில எடுத்துட்டேன். வாயாண்ட கொண்டுபோறேன், பாய் என் மணிக்கட்டைப் புடிச்சாரு. கொறடு மாதிரி புடி.

"வாணாம் அண்ணாத்தே. நுனி நாக்குல வச்சிப் பாத்துட்டுத் துப்பிட்டா எனக்கு நோன்பு போவாது. நான் அப்படிச் செய்யறது இல்ல. ஆனா செய்யலாம்."

"இத்தினி வருசமா செய்யாதவன் இப்ப எனக்காவச் செய்வியா?"

"நீ மட்டும் யாருக்காவ வாயாண்ட கொண்டு போன?"

பாய் துண்டை வாங்கி நாக்குல வச்சாரு. திரும்பிக்கினு துப்பக் குனிஞ்சாரு. அப்படியே குனிஞ்சபடியே நின்னாரு. கை மட்டும் மெதுவா தொண்டைக்குப் போச்சி.

"உப்பே இல்ல அண்ணாத்தே. சுத்தமா இல்ல."

உப்பை அள்ளிப் போட்டுத் திரும்பவும் பெசைஞ்சாரு. அவரு கை அளவு தப்பாது, போட்டா போட்டதுதான். பெசைஞ்சிகினே, கறியைப் பாத்துகினே சொன்னாரு: "முழுங்கிட்டேன். வாய் துப்பத்தான் போச்சி. தொண்டை கேக்கல."

விடியறதுக்கு முந்தி துன்ன ஆளு. நெருப்பு முன்னால நின்ன ஆளு. தொண்டை எப்படிக் கேக்கும்? கரியை விசிறினேன், விசிறிகினே இருந்தேன்.

தொரை வந்தாரு. நாலு கடியில முழுசையும் முடிச்சிட்டு இன்னொண்ணு கேட்டு வாங்கினாரு. வாயைத் துடைச்சிகினு பட்லர் கிட்ட ஏதோ சொல்லிட்டுப் போயிட்டாரு. "நீங்கதான்பா நிக்கறீங்க"ன்னாரு பட்லர். கேட்டைத் தெறந்தானுங்க பாரு, அடேங்கப்பா! காஞ்சி கெடந்த வாய்க்கால்ல மதகு தெறந்த மாதிரி வந்தானுங்க. அன்னிக்கி மாதிரி ஒரு ஏவாரம் அதுக்கு முன்னால பாத்ததில்ல. எனக்குச் சந்தோஷம் தாங்கல, அழுகையும் தாங்கல. பாயைப் பாத்தேன். உதடு காஞ்சி வெடிச்சிருந்திச்சி. ஒரு சொம்பு தண்ணியை எடுத்துகினு போயி நீட்டினேன்.

"குடி பாய். அதான் நோன்பு போயிடிச்சில்ல."

"போனது போச்சி. அதுக்குன்னு பொழுது சாயறதுக்குள்ள வாயைத் தெறந்துகினு துன்ன உக்கார முடியுமா? ரம்ஜான் எனக்காவ முடிஞ்சி போயிடிச்சா?"

சாயங்காலம் மசூதியில பாங்கு சொல்ற வரைக்கும் அந்தச் சொம்பைத் தொடல. கணக்குல சேராத பசி அது. சேராதுன்னு அவருக்கும் தெரியும். அந்த நெருப்பு முன்னால, அத்தினி பேருக்கும் சிரிச்ச மூஞ்சியோட பரிமாறிகினு நின்னாரு. மனுசன்ல இப்படியும் ஒரு ஜாதியான்னு நான் வாயைப் பொளந்துகினு பாத்தேன். மலைன்னு சொன்னா அதுதான் மலை.

ரம்ஜான் பெருநாள் போச்சி, புரட்டாசியும் போச்சி. நான் ஆசை தீரக் கறி துன்னு முடிச்சேன். அப்புறம் ஒரு நாள் காலையில பாய் வந்தாரு. டீ நீட்டினேன், வாணாம்னாரு.

"உடம்பு சரியில்லியா?"

"அன்னிக்கி உட்ட நோன்பு ஒண்ணு பாக்கி கீதே. இன்னிக்கி வச்சிகீறேன்."

என் கையில கூழு இருந்திச்சி. கீழ வச்சிட்டேன். "அப்ப எனக்கும் வாணாம்."

"உனக்கின்னாத்துக்கு நோன்பு?"

"எனக்காவப் போனதுதானே? பாதி என்துதான்."

"பாதியா வெட்றதுக்கு அது இன்னா கபாபா?"ன்னு சிரிச்சாரு. நான் சிரிக்கல. என் கோவம் அவருக்குத் தெரியும். கறி பெசைய உக்காந்துட்டாரு. உப்பு போட்டாரு, போட்டேன்னு வாய்விட்டுச் சொன்னாரு.

பொழுது சாயற நேரம். வண்டியைச் சுத்தி வழக்கமான வரிசை. எனக்குப் பசியில காது அடைச்சிது, அடுப்பு ரெண்டா தெரிஞ்சிது. ஒரு நாளுக்கே எனக்கு இந்தக் கதின்னா, இந்த மனுசன் மாசம் பூரா எப்படி நின்னாருன்னு அப்பத்தான் என் ஒடம்புக்கே ஒறைச்சிது. பாங்கு கேட்டிச்சி. பாய் ஒரு பேரிச்சம்பழத்தை என் கையில வச்சாரு, ஒண்ணைத் தன் கையில வச்சிகினாரு. எப்பவும் உதட்டுக்குள்ள அரபியில ஓதுவாரு. அன்னிக்கி அதை ஓதி முடிச்சிட்டு, எனக்குக் கேக்கற மாதிரி தமிழ்ல சொன்னாரு: "அல்லா, எங்க ரெண்டு பேரு நோன்பையும் ஏத்துக்கோ."

எனக்குக் கண்ணைத் தண்ணி மறைச்சிக்கிச்சி. பேரிச்சம்பழத்தை வாயில போடக்கூடத் தோணல. கம்பியில கபாப் தீயற வாசனை வந்திச்சி, கை எழும்பல. வரிசையில மொத ஆளா நின்ன அந்தச் சிப்பாய் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தான். அப்புறம் தொப்பியைக் கழட்டி வண்டி மேல வச்சிட்டு, அடுப்பாண்ட வந்து ஒவ்வொரு கம்பியா திருப்பிப் போட ஆரம்பிச்சான்.