கட்டாமல் விட்ட கேன்

மன்னார்குடியில், மூன்றாம் மாடி வீட்டில், இன்று நண்டு கழுவும்போது எழுந்த சேற்று வாடையில் என் கை தானாகக் கயிறு தேடி வாளியைக் குழாயோடு கட்டியது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள், படகில் மட்டுமே போகமுடிந்த எங்கள் ஊரில், கடல் ஏறும்போதெல்லாம் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை இழுத்துப் போகும் என்பதால், எல்லாவற்றையும் தூணில் கட்டிவைப்போம்.

ஒருநாள் விளையாட்டு மும்முரத்தில், குடிதண்ணீர்க் கேனைக் கட்டாமலே "கட்டிட்டேன்மா" என்றேன். அன்று ஏறிய கடல்நீரில், பாதி நிறைந்திருந்த கேன் மிதந்து போய்விட்டது. மறுநாள் படகு வரும்வரை தம்பி தாகத்தில் அழுதான். அம்மா திட்டவில்லை.

புயலில் ஊர் போனபின் அவள் என்னோடுதான் இருக்கிறாள். இன்று அந்தச் சேற்று வாடை அவளுக்கும் எட்டியிருக்க வேண்டும்; உள்ளிருந்து கேட்டாள்.

"வாளியக் கட்டிட்டியாடி?"

"கட்டிட்டேன்மா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்க்கப் போனாள்.