காணவில்லை என்று நான் போட்ட போஸ்டர்

மாணவர்களைச் சிரிக்க வைத்தால் பாடம் ஏறும் என்பது என் கட்சி. பாடம் ஏறியதோ இல்லையோ, எனக்குத் தலைக்கனம் நன்றாக ஏறியது.

இரண்டாம் ஆண்டு கணக்கு வகுப்பில் ஒருத்தன் பத்து நாளாக வரவில்லை. கூப்பிட்டு விசாரிப்பதை விட்டுவிட்டு, கரண்ட் கம்பத்தில் ஒட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு போஸ்டர் செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'காணவில்லை. கடைசி பெஞ்சு, ஜன்னலோரம். கண்டுபிடித்துத் தருபவருக்கு இன்டர்னலில் ஐந்து மார்க்.' வகுப்பே சிரிக்கும் பொம்மை போட்டது. அவன் குழுவிலிருந்து வெளியேறினான். அதோடு போனும் சுவிட்ச் ஆஃப்.

மூன்றாம் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. போஸ்டரை அழித்தேன். ஆபீஸில் முகவரி வாங்கிக்கொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போனேன். தண்டவாளத்தை ஒட்டிய சந்து. வாசலில் அவன் அம்மா துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார், இவ்ளோ தூரம்? புள்ள காலேஜுலதான கீறான்? காலைல பைய மாட்டிகினு போனானே!"

தினமும் பையோடு கிளம்புகிறவன் எங்கே போகிறான்? பின்னால் சரக்கு ரயில் தடதடத்துப் போனது. நினைக்கக் கூடாததெல்லாம் நினைத்தேன்.

"ஆமாம்மா, நல்லா படிக்கிறான். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று புளுகிவிட்டு, தண்டவாள ஓரமாகவே ஸ்டேஷனுக்கு நடந்தேன். கீழே பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

பிளாட்பாரக் கோடியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து விளிம்புப் பக்கம் நகர்ந்தான். ரயில் வரும் சத்தம். கத்தினால் என்ன ஆகுமோ! பேசாமல் அவன் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

ரயில் வந்தது, நின்றது, போனது. அவன் ஏறவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் பண்ணது கலீஜ் வேலைடா" என்றேன்.

"அதுக்கு முன்னாடியே நான் வர்லியே சார். ஒரு வாரம் ஜுரம். திரும்பி வந்து வெளியவே நின்னு பாத்தா போர்டுல இன்னா கீதுன்னே புரியல. நாளிக்குப் போலாம், நாளிக்குப் போலாம்னு இருந்தேன். அப்பால நீங்க அத்த போட்டுட்டீங்க. உள்ள வந்தா எல்லாம் திரும்பிப் பாப்பானுங்க."

"கிளாஸுக்கு வராத. நாளைக்கு எட்டு மணிக்கு என் ரூமுக்கு வா. விட்ட பாடம் மட்டும்."

"அம்மாகிட்ட சொல்ட்டீங்களா?"

"பொய் சொல்லிட்டேன்."

"பேஜாரு சார் நீங்க."

மறுநாள் எட்டு ஆனது. எட்டேகால். எட்டரை. அவன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லாத பாவி நான் என்று எழுந்தபோது வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது.

"வூட்ல நானே சொல்ட்டேன் சார்."

நான்கு நாள் என் ரூமில் படித்தான். ஐந்தாம் நாள், நான் கூப்பிடாமலே, என் பின்னால் வகுப்புக்கு வந்தான். பழக்க தோஷத்தில் ஏதாவது உளறிவிடுவேனோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பியவன், திரும்பியபடியே கணக்குப் போட்டேன். ஒரு ஜோக்கும் இல்லாமலே போர்டு நிறைந்துவிட்டது.

"சார், உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

மெல்லத் திரும்பினேன். கடைசி பெஞ்சை ஒருவரும் பார்க்கவில்லை. மொத்த வகுப்பும் கவலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.