விரிப்பின் தென்கிழக்கு மூலை

2025 பெப்ரவரி 15, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து கிணற்றடியைத் தென்னந்தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவினேன். மாரி முடிந்துவிட்டது, பாசி இனிப் பிடிக்காது. ஆனாலும் நவம்பர் மழையில் என் மனைவி வழுக்கி விழுந்த அந்தப் படியை ஒவ்வொரு சனியும் தேய்ப்பதை நான் விடவில்லை. பிறகு கேத்தலில் தண்ணீர் வைத்து, இஞ்சி போட்டு இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றினேன். மிச்சச் சுடுநீரைக் கை தாங்கும் சூட்டுக்கு ஆற்றி, சட்டியில் ஊற்றி அவளுக்கு முன்னால் வைத்தேன். வலது கையை மணிக்கட்டு வரை அதில் அமிழ்த்தி, விரல்களை மடக்கப் பார்ப்பது அவளுடைய காலைக் கடமை. வாவிக்கரை வரை நடந்து மணலை மீன் வாங்கி வந்தேன். வெட்டியது நான், எப்படி வெட்ட வேண்டும் என்று கதிரையில் இருந்தபடி சொன்னது அவள். ஒன்பது மணிக்கு நல்ல வெயில் வந்தது. துணிப் பைகளை உள்ளிருந்த பொருட்களோடு முற்றத்துக் கொடியில் காயப் போட்டேன்.

அந்தப் பைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்லடி வீட்டின் நடு அறை அலுமாரியில் கீழ்த்தட்டு முழுவதும் அவை இருந்தன. ஒவ்வொன்றிலும் அவள் தொடங்கி முடிக்காத ஒரு வேலை. நுவரெலியாவில் படிப்பிக்கும் மகனுக்கான சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்றில். அதற்கு ஒரு கை இல்லை. இன்னொன்றில், பாதிவரை வந்து நின்றுபோன தொப்பி. பெரிய பையில் துண்டு விரிப்பு: மேலே பழைய சேலைகளிலும் கைத்தறிச் சாரங்களிலும் வெட்டிய சதுரத் துண்டுகள், நடுவில் நைந்த நூல் சேலை, அடியில் வெள்ளைத் துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் தைக்க வேண்டும். பாதி தைத்திருந்தாள். விழுந்ததோடு எல்லாம் நின்றது.

உடைந்த வலது மணிக்கட்டுக்குப் போட்டிருந்த மாக்கட்டை ஜனவரியில் வெட்டி எடுத்தார்கள். எலும்பு சரியாகப் பொருந்தியிருந்தது. விரல்கள்தான் மடங்கவில்லை. வைத்தியர் பயிற்சிகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஊசி பிடிக்கேலுமா டொக்டர்?”

“பழக்கப்படுத்துங்க, பாப்பம்” என்றார் அவர்.

வீட்டுக்கு வரும் வழியில், பாலத்தில் முச்சக்கர வண்டி மெதுவாகப் போனபோது, “பாப்பம் எண்டா என்ன அர்த்தம்?” என்று என்னைக் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். சோறு சமைப்பதை நான் செய்யலாம், தலை பின்னுவதை அவளுடைய அக்கா செய்யலாம். ஊசியை வேறு யாரும் அவளுக்காகப் பிடிக்க முடியாது.

தெரிந்தும் நான் பிடித்தேன்.

நான் நீர்ப்பாசன அலுவலகத்தில் படவரைஞன். அரைகுறையாக ஒன்று வீட்டில் கிடந்தால் எனக்கு நித்திரை வராது. மழைக் காலத்தில் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்ததைப் பார்த்ததும், இவற்றை ஒவ்வொன்றாக முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவளிடம் கேட்டேன். “செய்யுங்க” என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் சட்டையின் கை. பின்னுவது எப்படி என்று அவள் வாயால் சொன்னாள், நான் பின்னினேன். ஒரு கண்ணுக்குள் ஊசியை விட்டு, நூலைச் சுற்றி, இழுத்து எடுக்க வேண்டும். நான் ஒவ்வொரு கண்ணையும் இறுக்கிவிட்டேன். கண்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும் கை ஒடுங்கிக்கொண்டே போனது. அடுத்த வளவில் இருக்கும் அவளுடைய அக்கா வேலியால் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்ன மச்சான், இது புள்ளையிட கைக்கா, விளக்குமாத்துப் புடிக்கு உறையா?”

“இறுக்கமா இருந்தா குளிர் உள்ள போகாது மதினி.”

“குளிர் போகாதுதான். கையும் போகாது.”

மனைவியும் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்க்கவில்லை. ஆகவே, சரியான வேலைதான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

விரிப்புக்கு வந்தபோது எனக்குத் துணிவு கூடியிருந்தது. நேராகத் தைப்பது என் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கும் வேலை. அடிமட்டத்தை வைத்து வெள்ளைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். தலைமாட்டை வடக்கு என்று வைத்துக்கொண்டேன். அப்போதுதான் எந்த மூலையில் வேலை நடக்கிறது என்று சொல்வது சுலபம்.

“வடமேற்கு மூலை முடிஞ்சுது” என்று ஒரு நாள் சொன்னேன்.

“இது என்ன வயல் வட்டையா, வாய்க்கால் வெட்டுறதுக்கு?” என்றாள்.

வேலை செய்யும் பகுதியை மட்டும் விரித்து, மற்றதைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் தைப்பேன். ஒவ்வொரு இரவும் ஊசியில் நூலைக் கோர்த்து, நிறுத்திய இடத்திலேயே குத்தி வைப்பேன். அலுவலகம் விட்டு வந்து உட்கார்ந்தால் உடனே தொடங்கலாம். சில நாட்களில், நான் விட்ட நீளத்தைவிட நூல் குறைந்திருப்பதுபோலத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றினால் பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஐம்பத்தாறு வயது ஆகிறது. என் கவனம் குறைகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தச் சனிக்கிழமை வெயிலில் காய்ந்த விரிப்பை முதல் தடவையாக முழுதாகத் தரையில் விரித்தேன். தென்கிழக்கு மூலையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு நீலச் சாரத் துண்டும் ஒரு மஞ்சள் சேலைத் துண்டும் கோணல்மாணலாகத் தைக்கப்பட்டிருந்தன. ஒரு தையல் நெல்மணி அளவு, அடுத்தது எறும்பு அளவு. முடிச்சுகள் மேல்பக்கத்தில் நின்றன. ஓரிடத்தில் துணி சுருங்கி மடிந்து, அந்த மடிப்பின் மேலேயே தையல் ஓடியிருந்தது. கோவில் மாதர் கூட்டத்தோடு வரும் சின்னப் பிள்ளைகள் யாரோ முன்பு எப்போதோ இவளிடம் தையல் பழகிய வேலை என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் படுத்திருந்தாள். சவர அலகின் முனையால் அந்தத் தையலை ஒவ்வொன்றாக வெட்டி, நூலை உருவி எடுத்து, துண்டுகளை நீவி, கோடு போட்டு, புதிதாகத் தைத்தேன். நான்கு மணிக்கு முடிந்தது. மிகவும் திருப்தியாக இருந்தது.

ஐந்து மணிபோல அக்கா ஒரு கோப்பையில் பிட்டு கொண்டுவந்தாள். வைத்ததும் நேரே விரிப்பிடம் போய் மூலையைப் புரட்டினாள்.

“எங்க புள்ள, நேத்துச் சொன்ன துண்டு? காட்டுறன் வா எண்டு கூப்பிட்டாய்.”

மனைவி கண்ணால் ஏதோ சொன்னாள். அக்கா கவனிக்கவில்லை.

“நீலத் துண்டெண்டுதானே சொன்ன நீ? இது நேராக் கிடக்கு. இது மச்சான்ட தையலெல்லா?”

மனைவி எழுந்து வந்து பார்த்தாள். குனிந்து, இடது கையால் மூலையைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்தாள்.

“நல்ல நேராத் தைச்சிருக்கிறீங்க” என்றாள். பிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள்.

“மச்சான், அது அவள் தைச்சதுகா. இந்தக் கையால. நீங்க கந்தோர் வேலைக்குப் போனாப் பிறகு. ரெண்டு விரலால ஊசியப் புடிச்சு, பல்லால இழுத்து இழுத்து. ரெண்டு துண்டுக்கு எத்தின நாள் இரிந்தாள் தெரியுமா?”

அப்போதுதான் குறைந்துபோன நூல் எனக்கு விளங்கியது. என் ஊசியைத்தான் எடுத்திருக்கிறாள். அவளால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. தைத்து முடிந்ததும், நான் குத்தி வைத்த அதே இடத்தில் திரும்பக் குத்தி வைத்திருக்கிறாள்.

குசினியில் அவள் பிட்டைத் தட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

“உன்ட தையல் எண்டு எனக்குத் தெரியாது புள்ள.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள். “அது என்ட தையல் மாதிரியா இரிந்தது? எனக்கே தெரியாது.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா? அடிமட்டத்தத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில குந்தியிருப்பீங்க.”

அப்படித்தான் செய்திருப்பேன்.

“நான் தைச்சத அவுத்துடுறன்” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்தது. கோபத்துக்குப் பின்னால் சிரிப்பும் வரப் பார்த்தது.

“அவுத்துப்போட்டு? என்ட கோணலத் திரும்பத் தைச்சுத் தருவீங்களா, கோடு போட்டு?”

முன்னறையில் இருந்து அக்கா உரக்கச் சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவியின் வலது கை தட்டின் விளிம்பில் இருந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. காலையில் சுடுநீர்ச் சட்டியில் நான் தினமும் பார்க்கும் கைதான். அந்த விரல்கள் தொடத் தொடங்கியிருப்பதை நான் கவனிக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு அவளே பேசினாள்.

“அந்த மூலை கிடக்கட்டும். மிச்ச விரிப்பில இனிக் கை வைக்காதயுங்க. எப்ப முடியுதோ முடியட்டும், முடியாட்டியும் போகட்டும். சட்டைக் கை உங்கட. அத ஒழுங்கா அவுத்துத் திரும்பப் பின்னுங்க, கொஞ்சம் இளக்கி.”

“சரி.”

“ஊசியில மட்டும் நூலக் கோத்து வையுங்க. அதுதான் எனக்கு ஏலா. நீட்டு நூல் வேணாம், சிக்குது.”

அவள் படுத்த பிறகு விரிப்பைச் சுருட்டப் போனேன். விளக்கு வெளிச்சத்தில் நீலத் துண்டைக் கிட்டப் பிடித்தபோது, என் நேர்த் தையலுக்குப் பக்கத்தில் அவளுடைய பழைய ஊசித் துளைகள் தெரிந்தன. கைத்தறித் துணி; துளைகள் உடனே மூடாது. மேலும் கீழுமாக, ஒரு இடத்தில் என் கோட்டைக் கடந்து மறுபக்கம் போய்த் திரும்பி வந்து, துண்டின் கடைசி வரை அவை போயிருந்தன. எங்கும் நிற்கவில்லை. கடைசிப் பகுதியில் துளைகளுக்கு இடையே இருந்த தூரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. தையலை வெட்டியபோது அதை நான் பார்த்திருக்கலாம். கோணல்தான் என் கண்ணில் பட்டது.

ஒரு வேலை முடிவதை மட்டும்தான் முன்னேற்றம் என்று நான் நினைத்திருந்தேன். அலுவலகத்தில் அது சரி. ஒரு வாய்க்கால் வரைபடம் பாதியில் நின்றால் அதனால் யாருக்கும் பயனில்லை. வீட்டில் அந்தக் கணக்கு எப்போதும் சரிவராது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மூலைத் துணி வேண்டியிருந்தது.

மறுநாள் ஞாயிறு காலை எழுந்ததும், கிணற்றடிக்குப் போகுமுன், கேத்தல் வைக்குமுன், ஜன்னலோரம் நின்று ஆறு ஊசிகளில் நூல் கோர்த்தேன். ஒவ்வொரு நூலும் ஒரு சாண்தான். அளக்கவில்லை, கையால் மதித்து வெட்டினேன். அவளுடைய கதிரைக் கையில் கட்டியிருந்த பஞ்சுப் பொதியில் அவற்றை வரிசையாகக் குத்தி வைத்தேன். அடிமட்டத்தையும் சுண்ணக்கட்டியையும் எடுத்து, திங்களன்று அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் பைக்குள் போட்டேன்.