மருதமுத்து மாமாவின் ரப்பர் சப்பாத்து

எங்கள் ஊர் காஜா பேராங்கில் மருதமுத்து மாமாவைத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் இருட்டில் கல்யாணம் செய்துகொண்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணம், திருவிழா, கட்சிக்கூட்டம் எதுவானாலும் வண்ண லைட்டும் மைக்கும் கட்டுவது அவர்தான். பக்கத்து ஊர்களான தெங்கேராவிலிருந்தும் புக்கிட் பாருவிலிருந்தும் ஆள் வந்து கூப்பிடும். "நான் கட்டுன லைட்டு ஒரு விசேஷத்துலயும் அணைஞ்சதில்ல" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். முடிப்பதும் அதில்தான். நடுவில் அவர் மனைவி கோகிலா அத்தையின் மீன் குழம்பு வரும்.

முன்பு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். கத்தி பிடித்தே அவர் விரல்கள் காய்த்துத் தடித்துப்போயிருந்தன. கம்பியில் கரண்டு இருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வைத்துக்கொள்ள மாட்டார். ஒரு விரலால் தட்டிப் பார்ப்பார். "லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா கரண்டு இருக்குன்னு அர்த்தம். அது எனக்குச் சொந்தக்காரன், கடிக்காது." காலில் எப்போதும் தடித்த ரப்பர் அடி வைத்த கறுப்புச் சப்பாத்து. மழை, வெயில், சாப்பாடு, சண்டை எல்லாவற்றுக்கும் அதே சப்பாத்துதான்.

பள்ளிக்கூடம் என்னை ஆறாம் வகுப்போடு விட்டுவிட்டது. எனக்கும் அதன்மேல் கோபமில்லை. கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி டார்ச் லைட்டின் தட்டைப் பேட்டரி சொல்லிக்கொடுத்தது. அதில் இரண்டு பித்தளைத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். விரல் வைத்தால் ஒன்றும் தெரியாது. அதையே "புது மாதிரி புளிப்பு மிட்டாய், நக்கிப் பாரு" என்று தெருப்பிள்ளைகளிடம் கொடுத்தால் நாக்கில் சுரீர் என்று அடிக்கும். பிள்ளைகள் ஓடுவார்கள். அப்புறம் அவர்களுடைய அம்மாமார் வருவார்கள், நான் ஓடுவேன்.

ஒரே பேட்டரி, ஏன் இரண்டு விதம்? புதுப்படம் போட்ட நாளில் டவுன் தியேட்டர் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து தள்ளுகிற தள்ளுதான் வோல்ட். வாசலின் குறுகல்தான் தடை. நுழைகிற கூட்டம்தான் கரண்டு. காய்ந்த தோல் சின்ன வாசல், ஈரமான நாக்கு பெரிய வாசல். இன்னொன்றும் உண்டு. வெளியேற வழி இல்லாவிட்டால் கூட்டம் உள்ளே வராது. கரண்டுக்கும் போய்த் திரும்ப ஒரு பாதை வேண்டும். கையில் நுழைந்தால் கால் வழியாக மண்ணுக்கு இறங்கும். அந்தப் பாதையை மாமாவின் சப்பாத்து அடைத்து வைத்திருந்தது. அவர் நினைத்ததுபோல் கரண்டு அவருக்குச் சொந்தக்காரன் இல்லை.

அது ஐம்பத்தேழாம் வருஷம். ஆகஸ்டில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வருகிறது என்று ஊரே குதித்துக்கொண்டிருந்தது. மாரியம்மன் திருவிழா அதற்கு முன்னாலேயே வந்தது. கோகிலா அத்தை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமா பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தார். அதனால் அன்று அவர் லைட்காரரும் பக்தரும். நம் வழக்கப்படி குடம் எடுப்பவருக்குத் தலையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். குடம் குடமாக ஊற்றியதில் தரையெல்லாம் சேறு.

கோயில் வாசலில் மாமா கழற்றி வைத்த சப்பாத்து தனியாகக் கிடந்தது. அதை எடுக்காமல் போக நான் என்ன சாமியாரா? மெயின் சுவிட்ச் பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு அவர் வெறுங்காலோடு தேடுவதைப் பார்க்கலாம் என்று போனேன்.

பொழுது சாய்ந்து இருட்டியிருந்தது. திடீரென்று வாழைமரத் தோரணத்தின் வண்ண பல்பு மாலை முழுதும் அணைந்தது. மற்ற லைட்டெல்லாம் எரிந்தன. மாலையில் பல்புகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துப் போகும். ஒன்று கழன்றாலும் பாதை அறுந்து எல்லாம் செத்துவிடும்.

"என்ன மருதமுத்து, அம்மா புறப்படுற நேரத்துல மானத்த வாங்குற?" என்று கோயில் கமிட்டி நடராஜன் மைக்கிலேயே கேட்டார்.

மாமாவின் முகம் மாறியது. உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர் சொட்ட, தோரணத்தை நோக்கி நடந்தார். வாழைத்தண்டில் மார்பு உயரத்தில் கட்டியிருந்த கம்பியின் இணைப்பைப் பிடித்து, சுற்றியிருந்த துணியைப் பிரிக்கத் தொடங்கினார். கரண்டு எதுவரைக்கும் வருகிறது என்று பார்க்கப் போகிறார், விரலால்!

நான் அவர் காலைப் பார்த்தேன். கணுக்கால்வரை சேறு. பிறகு என் கையைப் பார்த்தேன். சப்பாத்து என்னிடம் இருந்தது.

மாலை அணைந்திருந்தாலும் கரண்டு எங்கும் போய்விடவில்லை. பாதை அறுந்த இடம்வரைக்கும் இருநூற்று முப்பது வோல்ட் தள்ளிக்கொண்டே நிற்கும். நடுவில் ஒரு ஈரமான ஆள் கிடைத்தால் அவரே பாதை.

"மாமா, தொடாதீங்க!"

திரும்பிப் பார்த்தார். "போடி வாயாடி, இன்னைக்கு உன் கூத்தெல்லாம் வேணாம்லா."

"உங்க கால்ல சப்பாத்து இல்ல மாமா!"

உறுமி மேளம் அதை விழுங்கிவிட்டது. எங்கள் இருவருக்கும் நடுவில் பால்குடம் ஏந்திய பெண்கள் வரிசையாக நின்றார்கள். இடித்துக்கொண்டு ஓடினாலும் போய்ச் சேர முடியாது. கோகிலா அத்தை அவர் பக்கத்திலேயே நின்று, "விடுங்களேன், அப்புறம் பாத்துக்கலாம்" என்று கெஞ்சுவது தெரிந்தது. துணி முழுதும் பிரிந்துவிட்டது. மாமா விரலை நீட்டினார்.

மெயின் சுவிட்சின் கைப்பிடி என் தலைக்கு மேல் இருந்தது. எம்பிப் பிடித்துத் தொங்கினேன்.

டக்.

எல்லாம் போயிற்று. லைட், மைக், நடராஜனின் குரல், அம்மனின் முகம். உறுமியும் தடுமாறி நின்றது. அந்த இருட்டில் மாமாவின் குரல் கேட்கவேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"என் லைட்டு!" என்று அலறினார் மாமா.

அதைவிட இனிமையான அலறலை நான் கேட்டதில்லை.

பக்கத்துச் செட்டிக் குடும்பத்துப் பெண்கள் காஸ் விளக்கோடு ஓடிவந்தார்கள். அந்த வெளிச்சத்தில் சுவிட்சுப் பலகையடியில் நான் பிடிபட்டேன். "இந்தக் கழுதைதான்! அம்மா ஊர்வலத்துலயா விளையாடுற?" என்று நடராஜன் என் காதைத் திருகினார். மாமா சேற்றைத் தெறித்துக்கொண்டு வந்தார்.

"எத்தன வருஷப் பேருடி! ஒரு நாள் அணைஞ்சதில்ல!"

சப்பாத்தை நீட்டினேன். மற்றக் கையில், எப்போதும் என்னிடம் இருக்கும் அந்தத் தட்டைப் பேட்டரி. "நாக்குல வெச்சுப் பாருங்க."

"அடிங்க, இப்போவா?"

"வைங்க மாமா. கெஞ்சிக் கேக்குறேன்."

என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. அதனால்தானோ என்னவோ வாங்கி வைத்தார். தலை வெடுக்கென்று பின்னால் போனது. பேட்டரியைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். பிறகு தன் விரலை விளக்கருகே கொண்டுபோனார். நனைந்து ஊறி வெளுத்து, பச்சைப்பிள்ளை விரல்போல் சுருங்கியிருந்தது. கோகிலா அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு விடவே இல்லை.

"நடராஜா, பிள்ளை காத விடு" என்றார் மாமா. "இன்னைக்கு அம்மா காஸ் விளக்குலயே போகட்டும். மெயின்ல எவனும் கை வைக்கக்கூடாது."

ஊர்வலம் முடிந்து, குடம் இறக்கி, துடைத்துக் காய்ந்த பிறகுதான் சப்பாத்தைப் போட்டார். மெயின் இறங்கியே இருக்கிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு, கழன்ற பல்பைத் திருகினார்.

இப்போதும் மாமா அதே பேச்சைத்தான் பேசுகிறார். "நான் கட்டுன லைட்டு அணைஞ்சதே இல்ல. ஒரு தடவ இந்த விஜயாக் கழுதை அணைச்சா, அது வேற கணக்கு." ஊர் என்னை முறைக்கும். நான் பல்லைக் காட்டுவேன். ஆனால் அவர் வேலைக்குப் புறப்படும்போதெல்லாம் முதலில் காலைத்தான் பார்க்கிறேன்.