அப்பாவுக்கு அரியர்

ஏழெட்டு வருடங்களுக்கு முன், மந்தைவெளியில் ஒரு மாடி போர்ஷனில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு முப்பத்தைந்து வயது, முன்மண்டை பாதி காலி, இரண்டு குழந்தைகள். இத்தனை தகுதிகளோடு நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். தொலைதூரக் கல்விதான். அந்தப் பெயரை வைத்தவர் என்னைப் பார்த்துதான் வைத்திருக்க வேண்டும். கல்வி எனக்கு அவ்வளவு தொலைவில் இருந்தது.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. டிகிரி இல்லாமல் எவ்வளவு கணக்கு வேண்டுமானாலும் எழுதலாம். கீழே கையெழுத்து மட்டும் போட முடியாது. அந்தக் கையெழுத்து ஆசையில்தான் படிக்கச் சேர்ந்தேன். மற்ற பேப்பரெல்லாம் எப்படியோ தேறிவிட்டது. காஸ்ட் அக்கவுண்டிங் மட்டும் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. பழைய பாடத்திட்டத்தில் எழுத அதுதான் கடைசி வாய்ப்பு. கோட்டை விட்டால் மறுபடி முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"அப்பாவுக்கு இன்னும் ஒரு அரியர் இருக்கு, தொந்தரவு பண்ணாதீங்க" என்று மனைவி பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தாள். யுகேஜி படித்த என் மகள் அதை ஒரு வியாதி என்று எடுத்துக்கொண்டாள். ஒருநாள் அவளைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போனால், மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்ப ஒடம்பு எப்படி சார் இருக்கு? ரொம்ப நாளா க்ளியர் ஆகலையாமே, பாப்பா சொன்னா" என்று மெதுவாக விசாரித்தார். என்ன நோய் என்று நினைத்தாரோ, ஓரடி தள்ளியே நின்றார்.

நானும் வியாதிக்காரன் மாதிரிதான் இருந்தேன். வேலை விட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். வெளியே இரண்டு வயதுச் சின்னவன் கத்துவான்; அவனை அடக்குகிறேன் என்று பெரியவள் அதைவிடக் கத்துவாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படிப்பேன். எந்தப் பஞ்சு நன்றாக அடைக்கும் என்று யோசனை சொன்னதே, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மனைவிதான்.

பரீட்சை அன்று அவளுக்குக் காலை டியூட்டி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த கீழ்வீட்டு அக்காவுக்கு விடிந்ததும் கடும் காய்ச்சல். வேறு வழி தெரியவில்லை. பெரியவளை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்து, சின்னவனை மனைவியின் துப்பட்டாவால் வயிற்றோடு கட்டிக்கொண்டு, மயிலாப்பூரில் இருந்த பரீட்சை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாட்ச்மேன் காலில் விழுந்து பிள்ளைகளை ஒப்படைத்துவிடலாம் என்பது திட்டம். அவர் என்னைக் கண்டதுமே கும்பிட்டுவிட்டார். "சார், இது காலேஜ். பால்வாடி இல்ல."

வாசல் மரத்தடியில் கைக்குழந்தைகளோடு நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். பரீட்சை எழுத வந்திருக்கும் பெண்களின் கணவர்கள். நானும் அந்த ஜாதிதான் என்று நினைத்து இடம் விட்டார்கள். ஓரமாக ஒரு ஆட்டோ. உள்ளே புடவையில் தூளி கட்டி, அதில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை ஆட்டியபடி, வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பாய் என்னைக் கேட்டார்.

"இன்னா சார், அண்ணி உள்ள போய்ட்டாங்களா?"

"எழுதப் போறதே நான்தான் பாய்."

"சர்தான். அப்ப இதுங்கள யார் பாத்துக்குவா?"

அது சிலபஸில் இல்லாத கேள்வி. என் மகள் முந்திக்கொண்டாள். "அப்பாவுக்கு அரியர் அங்கிள். இன்னிக்குப் போகலைன்னா போகவே போகாதாம்."

"எங்கூட்லயும் அந்தச் சீக்கு கீது பாப்பா. இவன் அம்மாவுக்கு" என்று தூளியைக் காட்டினார் பாய். பிறகு ஆட்டோ சாவியை உருவி என் கையில் வைத்தார். "புடி சார். சாவி உன்னாண்டயே இருக்கட்டும். வண்டிய உட்டுட்டு நான் எங்க போய்டப் போறேன்? என் சம்சாரமும் உள்ளதான் கீது. போ போ, பெல் அட்ச்சிட்டான்."

ஹாலில் எனக்கு முன் பெஞ்சில் பர்தா அணிந்த ஒரு பெண். நான் சாவியை மேஜைமேல் வைத்த சத்தத்துக்குத் திரும்பினார். சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு சீரானது.

பாதிப் பரீட்சையில், ஓவர்ஹெட் கணக்கின் நடுவில் நான் மாட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

ஹாலில் பாதிக்கு மேல் பெண்கள். அத்தனை பேனாவும் ஒரே சமயத்தில் நின்றது. எல்லாத் தலையும் நிமிர்ந்தது. ஒரு நொடிதான். பிறகு ஒவ்வொரு தலையாகக் குனிய, எழுதும் சத்தம் திரும்ப ஆரம்பித்தது. தன் பிள்ளை இல்லை என்று அவரவருக்குத் தெரிந்துவிட்டது. முன் பெஞ்சுப் பெண் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். உங்களுடையதா என்று கேட்கிற பார்வை.

எனக்குத் தெரியவில்லை.

என் மகன் அழுதால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பக்கத்துத் தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி மங்கலாக ஒரு சத்தம்தான் ஞாபகம் வந்தது. எழுந்து போனால் திரும்ப விட மாட்டார்கள். உட்கார்ந்திருந்தால் எழுத வரவில்லை. அதற்குள் அழுகை சட்டென்று நின்றது. அது இன்னும் பயமாக இருந்தது. மீதிக் கணக்கை என் கைதான் போட்டது. அதில் எனக்குப் பங்கு இல்லை.

மணி அடித்ததும் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு ஓடினேன். பாயின் தோளில் சின்னவன் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். என் மகள் முதலாளி மாதிரி ஆட்டோவில் உட்கார்ந்து தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நடுவுல அழுதது யாரு பாய்?"

"உன் புள்ளதான் சார். அணிலு மரத்துல ஏறிக்கிச்சு. எறக்கிக் குடு, எறக்கிக் குடுன்னு ஒரே ரப்ச்சர். நான் எங்க போய் எறக்குவேன்? வண்டிக் கண்ணாடில அவன் மூஞ்சியவே காட்னேன். அழுவுறது யாருன்னு பாத்துக்கினே அடங்கிட்டான்." பிறகு என் முதுகில் தட்டினார். "சவுண்டு கேட்டும் குந்திக்கினு எழுதிருக்க பாரு, கெட்டி ஆளு சார் நீ."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளே குறைவு. அதில் இப்படி ஒன்று.

பாயின் மனைவியும் வந்து, அந்த முன் பெஞ்சுப் பெண்தான், தூளியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டார். "உங்க பையனாண்ணா? எங்க பையன் கொரல் இல்லைன்னு தெரிஞ்சிடுச்சு. பாவம், யார் புள்ளையோன்னு இருந்துச்சு" என்றார். சாவியைக் கொடுத்தேன். நன்றி என்று ஏதோ உளறினேன்.

சின்னவனை என் தோளுக்கு மாற்றியதும் அவன் விழித்துக்கொண்டான். பாயிடம் திரும்பப் போகவேண்டும் என்று இரண்டு கையையும் நீட்டி அழ ஆரம்பித்தான். முதலில் நீளமாக ஒரு இழுப்பு. அப்புறம் மூச்சே இல்லாமல், முகம் மட்டும் சிவந்துகொண்டு போகும் ஓர் இடைவெளி. அதற்கப்புறம்தான் சத்தம். என் காதோரத்தில், ஒரு கதவும் நடுவில் இல்லாமல். தெருவே திரும்பிப் பார்த்தது. "தட்டிக் குடு சார்" என்றார் பாய். நான் தட்டிக் கொடுக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.

பாஸாகிவிட்டேன். இப்போது கணக்கின் கீழே என் கையெழுத்துதான். ரொம்ப நாள் காத்திருந்த கையெழுத்து என்பதால் கொஞ்சம் பெரிதாகவே போடுகிறேன். சின்னவன் நாலாவது படிக்கிறான். போன மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் ரத்தம். பதறி ஓடினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா" என்றான். தானே குழாயில் காலைக் கழுவிக்கொண்டு விளையாடப் போய்விட்டான். நான் படித்த பாடம் எதுவும் இன்றைக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்த அழுகைக்கு நடுவில் வருமே, மூச்சில்லாத ஓர் இடைவெளி, அதை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்க முடிந்தால் போதும் என்று பஸ்ஸில் யார் பிள்ளை அழுதாலும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.